கணிப்பொறி வரைந்த மின்வழங்கி எரிவது ஏன்?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டேப் ரிக்கார்டரோடு வந்த 'எலிமினேட்டர்' ஒன்று கிடந்தால், அதை ஒரு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் துண்டு போலக் கனக்கும். மறு கையில் உங்கள் செல்போன் சார்ஜரை எடுங்கள். எலுமிச்சம்பழ எடைதான் இருக்கும். ஆனால் இரண்டில் அதிக மின்திறன் தருவது இந்தச் சிறிய சார்ஜர்தான். எடை எங்கே போயிற்று?

எலிமினேட்டருக்குள் இருப்பது இரும்புத் தகடுகளால் ஆன மின்மாற்றி. அது வினாடிக்கு 50 முறை மாறும் வீட்டு மின்சாரத்தை அப்படியே வாங்கிக் கொள்கிறது. சார்ஜரோ முதலில் 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கி, அதை ஒரு மின்னணுச் சாவியால் வினாடிக்கு லட்சம் முறை வெட்டி, விரல்நுனி அளவான ஃபெரைட் மின்மாற்றிக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றலைத்தான் சுமக்க வேண்டும். ஆனால் லட்சம் முறை சுமக்கிறது. ஆகவே சுமக்கும் பாத்திரம் சிறியதாக இருந்தால் போதும்.

இந்த வகையில் மிக எளியதும், மலிவானதும், உலகில் ஏராளமாகச் செய்யப்படுவதும் 'ஃப்ளைபேக்' மின்வழங்கி. இன்று இதை வடிவமைக்கக் கணிப்பொறி மென்பொருள்கள் உள்ளன. பல இலவசமாகவே கிடைக்கின்றன. நமக்கு வேண்டிய வோல்ட், ஆம்பியர் இரண்டையும் சொன்னால் சுற்றுப்படம், உதிரிகளின் பட்டியல், மின்மாற்றிக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலர் தங்கள் புராஜெக்டுக்கு இவற்றையே நம்புகிறார்கள். திரையில் எல்லாம் 'சரி' என்று வருகிறது. மேசையிலோ புகை வருகிறது. பழி மென்பொருள் மீது விழுகிறது, அல்லது சிப் விற்ற கடைக்காரர் மீது விழுகிறது. இரண்டும் பெரும்பாலும் நியாயமன்று. மென்பொருளிடம் வேறொரு குறை இருக்கிறது. அதைக் காண்பதற்கு முன் இந்தச் சுற்று வேலை செய்யும் விதத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். இல்லையென்றால் தாத்தாவிடம் கேளுங்கள். சால் கிணற்றுக்குள் இறங்கி நிறைகிறது. அப்போது வாய்க்காலில் புதிதாக நீர் விழுவதில்லை. பிறகு மேலே வந்து வாய்க்காலில் கொட்டுகிறது. அப்போது கிணற்றிலிருந்து நீர் எடுப்பதில்லை. கிணறும் வாய்க்காலும் ஒருபோதும் நேராக இணைவதில்லை. நடுவே சால்தான் போய்வருகிறது. ஃப்ளைபேக்கும் இதுவே. சாவி மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் சீராக ஏறி, காந்தப் புலமாக ஆற்றலைச் சேர்க்கிறது. துணைச் சுருளில் உள்ள டயோடு அப்போது வழி விடுவதில்லை. சாவி திறந்ததும் காந்தப் புலம் சரிகிறது. சேர்ந்த ஆற்றல் துணைச் சுருள் வழியாக வெளியே கொட்டுகிறது. ஆகவே பெயர் மின்மாற்றியாக இருந்தாலும், வேலையில் இது ஆற்றலைச் சேர்த்து வைக்கும் சுருள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அந்த ஆற்றலில் பெரும்பகுதி ஃபெரைட்டில் தங்குவதில்லை, ஃபெரைட் துண்டுகளுக்கு நடுவே வேண்டுமென்றே விடப்படும் மெல்லிய காற்று இடைவெளியில்தான் தங்குகிறது.

பெயர் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. பழைய படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரி எழுதிவிட்டு, மீண்டும் இடப்புறத்துக்குச் சட்டென்று பறந்து திரும்பும். அந்தத் திரும்பும் நொடியில் சுருளில் எழும் உயர் அழுத்தத்தைத்தான் படக்குழாய்க்குப் பயன்படுத்தினார்கள். 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியில் ராட் ஹோல்ட் என்ற பொறியியலாளர் ஃப்ளைபேக் மின்வழங்கியை அமைத்தார். பின்னர் சாவியையும் கட்டுப்படுத்தும் சுற்றையும் ஒரே சில்லில் அடக்கிய 'டாப்ஸ்விட்ச்' போன்ற சிப்கள் 1990-களில் வந்தன. உதிரிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் மின்மாற்றிக் கணக்கு மட்டும் குறையவில்லை. அந்தக் கணக்கைச் செய்து தரத்தான் மென்பொருள் வந்தது. டாப்ஸ்விட்ச் செய்த பவர் இன்டக்ரேஷன்ஸ் நிறுவனத்தின் 'பி.ஐ. எக்ஸ்பர்ட்', நேஷனல் செமிகண்டக்டரில் தோன்றி 2011-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கைக்குப் போன 'வெபெஞ்ச்' ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. சிப் செய்பவரே மென்பொருளையும் தருவதால், அது அவருடைய சிப்பைத்தான் பரிந்துரைக்கும். ஜவுளிக்கடைக்காரர் தம் கடைப் புடவையைத்தான் எடுத்துக் காட்டுவார். அதில் குறைப்பட ஒன்றுமில்லை.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். உள்ளே வரும் மின்சாரம் 90 முதல் 265 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவைத் தட்டியதும் மென்பொருள் தரும் விடை ஏறக்குறைய இப்படி இருக்கும்: அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ், முதன்மைச் சுருளின் மின்தூண்டல் எண் 547 மைக்ரோஹென்றி, அதில் ஏறும் உச்ச மின்னோட்டம் 0.74 ஆம்பியர், 'ஈ-ஈ 20' என்ற அளவுள்ள ஃபெரைட்டில் முதன்மைக்கு 52 சுற்று, துணைக்கு 9 சுற்று, காற்று இடைவெளி 0.2 மில்லிமீட்டர்.

இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. வெளியே 12 வாட் வேண்டும். பயனுறு திறன் 80 சதவீதம் என்று கொண்டால் உள்ளே 15 வாட் வர வேண்டும். வினாடிக்கு லட்சம் முறை என்றால், ஒவ்வொரு முறையும் 150 மைக்ரோஜூல். சுருளில் சேரும் ஆற்றல், தூண்டல் எண்ணில் பாதியை மின்னோட்டத்தின் இருமடியால் பெருக்கிக் கிடைப்பது. 547 மைக்ரோஹென்றியையும் 0.74 ஆம்பியரையும் அதில் போட்டுப் பாருங்கள். அதே 150 வரும். பிளஸ் டூ இயற்பியல் படித்தவர் காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. அதை ஒருமுறையேனும் செய்து பாருங்கள் என்று ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன். பெரும்பாலோர் செய்வதில்லை.

கணக்கு சரி. இங்கே எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மேலே '80 சதவீதம் என்று கொண்டால்' என்று எழுதினேன் அல்லவா? அந்த 80-ஐ நீங்கள் சொல்லவில்லை. மென்பொருள் தானே நிரப்பிக்கொண்டது. அதுபோலவே மின்மாற்றியின் கசிவு இவ்வளவு, ஃபெரைட் தாங்கும் காந்தப் பாயம் இவ்வளவு, பெட்டிக்குள் வெப்பம் இவ்வளவு என்று எத்தனையோ எண்களை அது முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறது. அனுபவமுள்ள பொறியியலாளர்கள் நல்ல தொழிற்சாலையை மனத்தில் வைத்து இட்ட எண்கள் அவை. மோசமானவை அல்ல. ஆனால் உங்கள் மின்மாற்றியை அவர்கள் பார்த்ததில்லை. திரையில் கணக்கிட்ட எண்ணும் அனுமானித்த எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் நிற்கின்றன. எது நிரூபணம், எது நம்பிக்கை என்று புதியவருக்குத் தெரிவதில்லை. மென்பொருளின் மீது நான் சொல்லும் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

அதன் விளைவு எப்படி இருக்கும்? இரண்டு பழுதுகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

விக்கும் மின்வழங்கி

பலகையை அமைத்துவிட்டீர்கள். மின்சாரம் கொடுத்ததும் வெளியே 12 வோல்ட் அழகாக நிற்கிறது. அரை ஆம்பியர் இழுத்தாலும் அசையவில்லை. 0.7 ஆம்பியரைத் தாண்டியதும் வோல்ட் சரிகிறது, உடனே அணைகிறது, மறுபடி எழ முயல்கிறது, மறுபடி அணைகிறது. காதை அருகே கொண்டுபோனால் மெல்லிய 'டிக், டிக்' ஒலி கேட்கும். இதை விக்கல் என்றே பொறியியலாளர்கள் சொல்வார்கள். சிப் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் தந்திரம் இது. நீங்கள் சிப்பை மாற்றுகிறீர்கள். புதிய சிப்பும் விக்குகிறது. மென்பொருளைத் திறந்து பார்க்கிறீர்கள். அது இப்போதும் 'சரி' என்கிறது.

பழுது காகிதத்தில் இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் இடைவெளி என்று மென்பொருள் சொன்னது, ஃபெரைட்டின் நடுக்காலைத் தேய்த்து உண்டாக்கும் இடைவெளி. ஆலையில் அப்படித்தான் செய்கிறார்கள். நமக்குத் தேய்க்க வசதி இல்லை. எனவே இரண்டு 'ஈ' துண்டுகளுக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை வைத்துக் கட்டிவிட்டீர்கள். ஆனால் தாள் நடுக்காலை மட்டுமா விலக்கும்? ஓரக்கால்களையும் விலக்கும். காந்தப் பாயம் நடுக்காலில் ஓர் இடைவெளியைக் கடந்து, ஓரக்கால் வழியே திரும்பும்போது மற்றோர் இடைவெளியைக் கடக்க வேண்டும். மொத்தம் 0.4 மில்லிமீட்டர். நீங்கள் வைத்திருக்க வேண்டியது 0.1 மில்லிமீட்டர் தாள்.

இடைவெளி இரட்டித்ததும் தூண்டல் எண் ஏறக்குறையப் பாதியாகி 275 மைக்ரோஹென்றிக்கு வந்துவிடுகிறது. அதே 15 வாட்டை எடுக்க இப்போது 0.74 ஆம்பியர் போதாது, 1.04 ஆம்பியர் ஏற வேண்டும். உங்கள் சிப்போ 0.85 ஆம்பியரில் கதவைச் சாத்திவிடும் வகை என்று வைத்துக்கொள்வோம். 0.85 ஆம்பியரில் 275 மைக்ரோஹென்றி சுமக்கக்கூடியது 10 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் 80 சதவீதம் வெளியே வந்தால் 8 வாட். பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: 0.66 ஆம்பியர். விக்கல் தொடங்கிய இடம் அதுதானே!

சிப் குற்றமற்றது, மென்பொருளும் பொய் சொல்லவில்லை. தாளை வைத்துக் கட்டிய பிறகு எல்.சி.ஆர். மீட்டரில் முதன்மைச் சுருளை அளந்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். 'மின்சாரம் கொடுப்பதற்கு முன் இதை அளந்து பார். 547-க்குப் பத்து சதவீதத்துக்குள் இல்லாவிட்டால் மேலே போகாதே' என்று மென்பொருள் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை சிப்கள் பிழைத்திருக்கும்! உதிரிப் பட்டியலில் ஒவ்வொரு மின்தடையின் விலையையும் காட்டுகிற மென்பொருளுக்கு இது பெரிய காரியமன்று.

தாளே வைக்க மறந்தால் என்ன ஆகும் என்றும் கேட்கலாம். இடைவெளி இல்லாத ஈ-ஈ 20-இல் 52 சுற்று போட்டால் தூண்டல் எண் ஏறக்குறைய 4 மில்லிஹென்றிக்கு ஏறிவிடும். 'அதிகமாக இருந்தால் நல்லதுதானே' என்று தோன்றும். ஆனால் 0.15 ஆம்பியரிலேயே ஃபெரைட் தெவிட்டு நிலையை அடைந்துவிடும். பிறகு அது சுருள் அன்று, வெறும் கம்பி. மின்னோட்டம் செங்குத்தாகத் தாவும். தனி மாஸ்ஃபெட் சாவி வைத்த சுற்றாக இருந்தால், அது பெரும்பாலும் அந்த நொடியே வெடித்துவிடும். விக்கல் வந்தவர் அதிர்ஷ்டசாலி எனலாம்.

சிந்தும் நீர்

அடுத்த பழுது சற்று ஆழமானது. சால் மேலே வரும்போது வழியில் கொஞ்சம் நீர் சிந்துகிறது அல்லவா? ஃப்ளைபேக்கிலும் சிந்தும். முதன்மைச் சுருள் உண்டாக்கும் காந்தப் புலம் முழுவதும் துணைச் சுருளைத் தொடுவதில்லை. தொடாத பகுதிக்குக் கசிவுத் தூண்டல் என்று பெயர். சாவி திறந்ததும் அந்தப் பகுதியின் ஆற்றலுக்கு வாய்க்காலுக்குப் போக வழியில்லை. அது சாவியின் மீதே பாய்ந்து, அழுத்தத்தை ஊசிபோல் மேலே தூக்கும். அதை வாங்கிக்கொள்ள ஒரு டயோடும் ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும் சேர்ந்த சிறு சுற்றை வைப்பார்கள். 'கிளாம்ப்' என்பர். ஆற்றல் மின்தடையில் வெப்பமாகித் தொலையும்.

நம் உதாரணத்தில் மென்பொருள் கசிவை 2 சதவீதம் என்று நிரப்பிக்கொண்டது. அதாவது 11 மைக்ரோஹென்றி. கிளாம்ப் 150 வோல்ட்டில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, 38 கிலோ ஓம் மின்தடையைக் கணக்கிட்டது. அதில் எரிவது சுமார் 0.6 வாட். எனவே 1 வாட் மின்தடை போதும் என்றது. உள்ளே 265 வோல்ட் வரும்போது நேர்மின் அழுத்தம் 375. அதோடு 150 சேர்ந்தால் 525. சாவி 600 வோல்ட் தாங்கும். 75 வோல்ட் மிச்சம். சரி.

இனி உங்கள் கைவேலையைப் பாருங்கள். பாபினில் 52 சுற்றையும் போட்டு முடித்து, மேலே நாலைந்து அடுக்கு டேப் ஒட்டி, அதன்மேல் 9 சுற்றை ஒரு மூலையில் நெருக்கிப் போட்டிருக்கிறீர்கள். பார்ப்பதற்குச் சுத்தமாகத்தான் இருக்கிறது. துணைச் சுருளின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு முதன்மைச் சுருளை மீட்டரில் அளந்தால், கிடைப்பது கசிவுத் தூண்டல். அளந்தால் 33 மைக்ரோஹென்றி என்று வருகிறது. அதாவது 6 சதவீதம். கிளாம்ப் அழுத்தம் 150-இல் நிற்காது. சிந்தும் ஆற்றலும் மின்தடையில் எரியும் ஆற்றலும் சமமாகும் இடம் வரை ஏறும். கணக்குப் போட்டால் அந்த இடம் ஏறக்குறைய 225 வோல்ட். மின்தடையில் இப்போது 1.3 வாட், அது 1 வாட் மின்தடை. கருகுகிறது. சாவியின் மீது 375-உம் 225-உம் சேர்ந்து 600. மிச்சம் பூஜ்யம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உங்கள் வீட்டில் 230 வோல்ட் வரும் நாளில் இது எரியாது. அப்போது நேர்மின் அழுத்தம் 325 தான். சாவிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். ஏதோ ஓர் இரவில் தெருவில் மின்சாரம் ஏறும்போது செத்துவிடும். மறுநாள் காலையில் எடுத்துப் பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. 'மின்சாரம் ஏறியது, போயிற்று' என்பார். உண்மைக் காரணம் பாபினில் சுற்றிய அன்றே உள்ளே புகுந்துவிட்டது.

தீர்வு எளிது. முதன்மையில் பாதியான 26 சுற்று, அதன்மேல் துணைச் சுருள் 9 சுற்றையும் பாபின் அகலம் முழுவதும் பரப்பி, அதன்மேல் மீதி 26 சுற்று. இரண்டு ரொட்டிக்கு நடுவே ஜாம் வைப்பதுபோல. கசிவு வெகுவாகக் குறையும். சில மென்பொருள்கள் இப்படிச் சுற்றும் வரிசையைப் படமாகவே தருகின்றன. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பாடநூல்கள் பல செய்யாத உதவி அது. ஆனால் அந்தப் படம் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மாணவர் முதல் பக்கத்திலுள்ள சுற்றுப்படத்தை அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார்.

வடிவமைக்கும் மென்பொருளை விட்டு, சுற்றை ஓட்டிக் காட்டும் 'ஸ்பைஸ்' வகை மென்பொருளுக்குப் போனால் தப்பிக்கலாமா? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்த அந்த வகை, இன்று இலவசமாகக் கிடைக்கிறது. மிக நல்ல கருவி. ஆனால் அங்கேயும் இரு சுருள்களுக்கும் உள்ள பிணைப்பை நீங்கள்தான் ஓர் எண்ணாகத் தர வேண்டும். 1 என்று போட்டால் கசிவே இல்லாத தெய்வீக மின்மாற்றி. 0.99 என்றால் 2 சதவீதக் கசிவு. 0.97 என்றால் 6 சதவீதம். அலைவடிவம் அழகாக வருகிறதே என்று 1-ஐயே விட்டுவிடுபவர்கள் பலர். ஒரு சுற்று சாவதற்கும் பிழைப்பதற்கும் உள்ள தூரம் இரண்டாவது தசம இடத்தில் இருக்கிறது என்பதை அந்த அழகிய அலைவடிவம் சொல்லாது.

கடையில் நிகழும் மாற்றங்களையும் சொல்ல வேண்டும். உதிரிப் பட்டியலில் '1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், உள்தடை குறைந்த வகை' என்று இருக்கும். கடைக்காரர் முதல் இரண்டைப் பார்த்து ஒரு கண்டென்சரை எடுத்துத் தருவார். வெளியே போகும் மின்னோட்டம் 1 ஆம்பியர் தானே என்று நினைக்கிறோம். ஆனால் துணைச் சுருளிலிருந்து வருவது 4 ஆம்பியரைத் தாண்டும் துடிப்புகள். அவற்றைச் சமன் செய்யும் மின்தேக்கியின் வழியே சுமார் 1.5 ஆம்பியர் அலையோட்டம் ஓடுகிறது. உள்தடை 0.03 ஓம் என்றால் அதில் 0.07 வாட் வெப்பம், 0.15 ஓம் என்றால் 0.35 வாட். சிறிய டப்பாவுக்கு அது காய்ச்சல். சில மாதங்களில் தலை வீங்கி நிற்கும்.

அறிகுறி காட்டாத பழுது

இதுவரை சொன்ன பழுதுகள் நல்ல பழுதுகள். விக்கும், கருகும், வீங்கும். நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும். கூப்பிடாத பழுது ஒன்று உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

கிணறும் வாய்க்காலும் நேராக இணைவதில்லை என்றேன். முதன்மைப் பக்கம் வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடையது, தொட்டால் கொல்லும். துணைப் பக்கம் நாம் கையில் பிடிக்கும் செல்போன், குழந்தை தொடும் விளக்கு. இரண்டுக்கும் நடுவே இருப்பது பாபினுக்குள் இருக்கும் மின்காப்பு மட்டுமே. ஆகவே துணைச் சுருளுக்கு மூன்றடுக்குக் காப்புள்ள சிறப்புக் கம்பியைப் பயன்படுத்துவார்கள். அல்லது ஓரங்களில் இடம் விட்டு டேப் ஒட்டுவார்கள். பலகையில் இரு பக்கத்துச் செம்புக் கோடுகளுக்கும் நடுவே சுமார் 6 மில்லிமீட்டர் இடம் விடுவது வழக்கம். இரு பக்கத்தையும் இணைக்கும் ஒரே மின்தேக்கி 'ஒய்' வகை என்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அத்தகைய வகைகள் பழுதானாலும் இரு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடாதபடி செய்யப்படுகின்றன.

மென்பொருளின் பட்டியலில் இவையும் இருக்கும். மூன்றடுக்குக் கம்பி என்று ஒரு வரி. ஒய் வகை என்று ஒரு வரி. மற்ற முப்பது வரிகளோடு அவையும் இரு வரிகள். கடையில் மூன்றடுக்குக் கம்பி இல்லை என்றால் சாதாரண எனாமல் கம்பி வாங்கி வருகிறீர்கள். ஒய் வகைக்குப் பதிலாக அதே நீல நிறத்தில் ஒரு செராமிக் வில்லை. மின்சாரம் கொடுக்கிறீர்கள். 12 வோல்ட் வருகிறது. 1 ஆம்பியர் தருகிறது. விக்கல் இல்லை, வெப்பம் இல்லை. கல்லூரிக் கண்காட்சியில் பரிசும் கிடைக்கலாம். காப்பு மட்டும் இல்லை. ஆலைகளில் இரு பக்கங்களுக்கும் நடுவே 3,000 வோல்ட் மாறுதிசை அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே பெட்டியில் போடுகிறார்கள். நம் மேசையில் அந்தச் சோதனை இல்லை. எனாமலில் ஒரு கீறல், ஒரு மழைக்கால ஈரம் போதும்.

உள்தடை தவறினால் கண்டென்சர் சாகும். கம்பி தவறினால் ஆள் சாகலாம். இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சடிக்கும் பட்டியலை நான் குறைபாடுள்ள பட்டியல் என்றே சொல்வேன். 'இவ்விரு உதிரிகளுக்கும் மாற்று கிடையாது' என்று சிவப்பில் எழுதுவதற்கு அறிவியல் முன்னேற்றம் எதுவும் வேண்டியதில்லை. நீங்களாவது உங்கள் பிரதியில் அவ்வரிகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கம்பி கிடைக்கவில்லை என்றால் அந்த மின்வழங்கியைச் செய்யாமல் இருப்பதே நலம். தயாராக விற்கும் சான்று பெற்ற ஒன்றை வாங்கி, உங்கள் சோதனையைப் 12 வோல்ட்டுக்கு அப்புறம் தொடங்கலாம்.

கம்பி கிடைத்து, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையும் இருந்தால், வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் மின்மாற்றியை அளந்து, தூண்டல் எண், கசிவு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருளுக்குத் திரும்பிச் சென்று, அது நிரப்பிய 11-ஐ அழித்துவிட்டு நீங்கள் அளந்த 33-ஐ இடுங்கள்; 547-க்குப் பதில் 275-ஐ இடுங்கள். 'சரி' என்று சொன்ன அதே திரையில் எண்கள் மாறும். சாவியின் மீதுள்ள அழுத்தம் எல்லையைத் தொடுவதும், உச்ச மின்னோட்டம் சிப்பின் வரம்பைத் தாண்டுவதும் கண்ணுக்குத் தெரியும். சோதிடராக இருந்த மென்பொருள் பரிசோதகராக மாறும் இடம் இது. அதன் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பழுது வந்த பிறகும் இதே முறைதான்: மேசையில் அளந்ததைத் திரையில் இட்டு, எந்த எண்ணை மாற்றினால் திரையிலும் அதே நோய் வருகிறது என்று தேடுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, டி.வி. பழுதுபார்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுபோல ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று. ஆனால் சிப் பிழைத்திருக்கும். ஆஸிலோஸ்கோப்பின் பூமி முனையை முதன்மைப் பக்கத்தில் நேராக மாட்டிவிடாதீர்கள். நடுவே ஒரு தனிப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் அங்கே கருவியைக் கொண்டு போகவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளீட்டுப் பக்கத்துப் பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் சில நிமிடங்கள் நிற்கும். தகுந்த மின்தடை வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

அளந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்த மின்மாற்றியின் மீதே ஒட்டிவிடுங்கள்: சுற்று 26, 9, 26, தாள் 0.1, தூண்டல் எண் இவ்வளவு, கசிவு இவ்வளவு. ஆறு மாதம் கழித்து வேறொரு மாணவர் அதைப் பிரித்துப் பார்க்கும்போது, மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு நான்கு எண்கள் தெரிந்திருக்கும்.